ஆறடி நாயகனுக்கு ஒரு திருத்தம்

பெப்ரவரி 5, வியாழன்

காலையில் நல்ல பனி. கிணற்றடி வாழையெல்லாம் ஈரம். பஸ் பத்து நிமிடம் பிந்தியது.

அச்சகத்தில் பதின்மூன்றாம் நூலின் புறூவ், நான் பிழை திருத்தவேண்டிய அச்சுப்படி. 'வளாக வசந்தம்' வரிசை, மாதம் ஒன்று. பொருந்தாத சோடி, கம்பஸ், நூற்றிருபது பக்கம், கடைசியில் தாலி. கலியாணக் கார்ட்டும் கோயில் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த இடம் இப்போது காதலும் அடிக்கிறது. எழுத்துரு மாறவில்லை.

ஆசிரியரின் புனைபெயர் நிலாச்சுடர். எங்களிடம் மூன்று நிலாக்கள். மூவருக்கும் மீசை.

முதலாளி ரவி அண்ணை சுவரில் ஒட்டி வைத்திருக்கும் விதிகள். மறக்காமலிருக்க இங்கேயும்:

1. நாயகன் ஆறடி. குறையக் கூடாது.
2. முதற் சந்திப்பு புதுமாணவர் பகிடிவதையில். (சட்டப்படி குற்றம். எங்களிடம் முதலாம் அத்தியாயம்.)
3. நாயகி மூன்று தடவை வழுக்கி விழவேண்டும். ஒவ்வொரு தடவையும் பிடிப்பவன் அவனே.
4. பதினைந்தாம் அத்தியாயத்தில் நாயகியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி.
5. சாதி என்ற சொல் வரக்கூடாது. "அவையள் வேற" என்று எழுதலாம். எல்லோருக்கும் விளங்கும்.

நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி. அகப்பாடல்களில் தோழியின் பங்கு பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவள். இப்போது நாயகி வழுக்கி விழுந்த தடவைகளை எண்ணுகிறேன். இருபத்தேழு வயதுக்கு இது மோசமில்லை.

பின்னேரம் வழமைபோல் புறூவை அப்பாவிடம் கொடுத்தேன். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுத்துப் பிழை என் வேலை, தகவற் பிழை அவர் வேலை. கூர்ப் பென்சில், அடிமட்டம், சாய்மனைக் கதிரை. போன நூலில் அவர் ஓரத்தில் எழுதியவை:

"பக்கம் 9: காங்கேசன்துறையிலிருந்து ஐந்து நிமிடத்தில் யாழ்ப்பாணம் வந்தான். எதில்?"

"பக்கம் 22: நேற்றுப் பூரணை, இன்று அமாவாசை. சந்திரனுக்கு அவகாசம் கொடுக்கவும்."

"பக்கம் 61: முத்தம் ஆறு நிமிடம். மூச்சு?"

ஒரு மணித்தியாலம் கழித்துத் தலை நிமிர்ந்தார்.

"உந்தப் பெடியன் ஏன் பிள்ளை வாய் திறந்து சொல்லுறானில்லை? பத்தாம் அத்தியாயமும் வந்திட்டுது."

"சொன்னா புத்தகம் முடிஞ்சிடும், அப்பா."

"முடியட்டுமே. நல்லதுதானே."

பென்சிலைக் கூராக்கப் போய்விட்டார்.


பெப்ரவரி 6, வெள்ளி

அம்மா படம் காட்டினா. ரொறன்ரோ மாப்பிள்ளை. கணக்காளர். ஐந்தடி பத்து. சாதகத்தில் எட்டுப் பொருத்தம்.

"வடிவான பெடியனடி. நல்ல குடும்பம். சிவராத்திரி கழிய, செவ்வாய்க்கிழமை புறோக்கர் வருவார். முடிவு சொல்லவேணும்."

பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பனிக்குவியலும் நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு நாள் இருக்கிறது.

வேறு யாரும் இந்தக் கொப்பியைத் திறக்கமாட்டார்கள் என்ற துணிவில், என்னுடைய பொருந்தாத சோடி:

ஜெறோம். குருநகர், கத்தோலிக்கம். அவனுடைய அப்பாவிடம் படகு. வீட்டில் மீன் இல்லாத நாள் பெரிய வெள்ளி மட்டும். நான் கொக்குவில், சைவம், முட்டையும் கிடையாது. கம்பஸில் அவன் புவியியல். இப்போது கிளிநொச்சியில் படிப்பிக்கிறான். சனி காலை மேலதிக வகுப்பு முடித்து, மதியப் பஸ்ஸில் வீடு.

உயரம்: அவன் ஐந்தடி நான்கு. நான் ஐந்தடி ஐந்தரை. நாலு வருடமாகத் தட்டைச் செருப்பு.

இந்த நாலு வருடத்தில் நான் ஒரு தடவையும் வழுக்கி விழவில்லை. பகிடிவதையும் இல்லை, நூலகத்தில் ஒரே புத்தகத்தைக் கேட்டு இருவரும் வரிசையில் நின்றோம். எங்கள் நூல்களில் மூன்றாம் அத்தியாயத்தில் 'நீங்கள்', ஒன்பதாம் அத்தியாயத்தில் 'வாடா'. நாங்கள் முதல் நாள் 'நீர்' என்று தொடங்கியவர்கள், அதிலேயே நிற்கிறோம்.

அவன் வீட்டில் தெரியும், எங்கள் வீட்டில் தெரியாது. பெரியப்பா தன் மகளோடு கதைத்து ஏழு வருடம். அவளும் கம்பஸில்தான் விரும்பினாள். இருப்பது மானிப்பாயில், பஸ்ஸில் கால் மணித்தியாலம். பெரியப்பாவின் கோபம் ஊருக்கே கேட்டது. அப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை, ஆதரவாகவும் இல்லை எதிராகவும் இல்லை. பெரியப்பாவின் சத்தத்தைவிட எனக்கு அதுதான் பயம்.


பெப்ரவரி 7, சனி

அப்பா காலை எட்டுக்கே சைக்கிளில் வெளிக்கிட்டார், ஹாண்டிலில் குடை. மூக்குக்கண்ணாடிக் கடை. மூன்றாவது சனி இது. கண்ணாடி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ.

பின்னேரம் ஐஸ்கிரீம் கடையில் ஜெறோம். யாழ்ப்பாணத்தில் காதலுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே கட்டடம். பக்கத்து மேசையில் ஒரு பெட்டை: "நீ என்னை நம்பேல்லை எண்டால் இந்த வேபரைத் தொட்டுச் சத்தியம் பண்ணுறன்." அவன் வேபரை எடுத்துத் தின்றான். நிலாச்சுடருக்கு இதைச் சொல்லவேண்டும்.

ஜெறோம் ஊர்ப் புதினம் சொன்னான்.

"எங்கடை ஒழுங்கையிலை ஒரு ஐயா சனிக்கிழமையளிலை வந்து நிக்கிறாராம். குடையும் கையுமா. வீதி அகலிக்கப் போறாங்கள் எண்டு சனம் பயந்து கிடக்கு."

"உம்மடை அம்மாவும் பயமோ?"

"அவவுக்கென்ன பயம். ஆளை இருத்தித் தேத்தண்ணி குடுத்திருக்கிறா."

வீதி அகலித்தால் மதில்தான் முதலில் போகும் என்றேன். பாவம் அந்தச் சனங்கள்.

பிறகு ரொறன்ரோவைச் சொன்னேன். அவன் ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது முழுக்க உருகி முடிந்தது.

"நான் வந்து உம்மடை அப்பாவோட கதைக்கட்டே?"

"வேண்டாம்."

"நாலு வருசமா வேண்டாம்."

"செவ்வாய்க்கு முதல் நான் சொல்லுறன்."

"வாயாலையோ?"

"ஏதோ ஒண்டாலை."

சிரித்தான். முழுச் சிரிப்பு இல்லை. பஸ் தரிப்பிடம்வரை வந்தான். என் கைப்பையை வாங்கிக்கொண்டு நடந்தவன், பஸ் வந்தபோது அதைத் தர மறந்துவிட்டான். ஓடி வந்து ஜன்னலால் தந்தான். அது மட்டும் நாவலில் வரும் மாதிரி இருந்தது.


பெப்ரவரி 8, ஞாயிறு

தலை முழுக்கு. உடுப்புத் தோய்ப்பு. வெங்காயம் நாலு கிலோ உரித்துக் கண் எரிச்சல்.

யோசனை ஒன்று.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எங்கள் நாயகிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம், செவிலி தாயிடம், தாய் தகப்பனிடம். அறத்தொடு நிற்றல் என்று பெயர். ஒழுங்கான நிர்வாகம். நான் இதைப் பற்றி அறுபது பக்கம் எழுதிச் சிறப்புத் தேர்ச்சி வாங்கினேன். ஆனால் தோழி கிடைக்கவில்லை. இருந்த இரண்டு பேரும் அவுஸ்திரேலியாவில்.

அச்சகம் இருக்கிறது.


பெப்ரவரி 9, திங்கள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

ரவி அண்ணை தலையில் கை. இரண்டாம் நிலாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. பதினான்காம் நூல் இல்லை.

"தெரிஞ்ச பிள்ளை ஒண்டு எழுதி வைச்சிருக்கு, அண்ணை. சின்னது. அம்பது பக்கம்தான் வரும்."

"அம்பதோ? பரவாயில்லை, எழுத்தைப் பெருப்பிப்பம். பேர் என்ன?"

"நிலாவதி."

"நல்ல பேர். நாயகன் ஆறடிதானே?"

"ஓம், அண்ணை."

எழுதத்தான் வேண்டும், இனி.


பெப்ரவரி 10, செவ்வாய்

பன்னிரண்டு பக்கம். சீவியத்தில் கதைத் திருப்பமே இல்லை. நூலகம், வரிசை, தேத்தண்ணி, பரீட்சை, தேத்தண்ணி. நாயகியை மூன்று தடவை விழுத்த வேண்டியிருக்கிறது. ஒன்று மழையில், ஒன்று நூலகப் படியில். மூன்றாவதுக்குக் காரணம் கிடைக்கவில்லை, சும்மா விழட்டும்.

இத்தனை நாளும் நான் கேலி செய்த நிலாக்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். விழுத்துவது லேசான வேலை இல்லை.

மாற்றியவை, அடையாளம் தெரியாமலிருக்க:

ஊர்: நாயகி சுன்னாகம். (நாயகன் குருநகர்தான். வேறு கரை எனக்குத் தெரியாது.)
பெயர்: டேவிட்.
வீட்டு வாசற் படலை: நீலத்தைச் சிவப்பாக்கினேன்.
தங்கச்சிமார்: இரண்டை ஒன்றாக்கினேன்.
நாயகனின் அம்மா: மெல்லிய மனுசியைப் பருத்தவ ஆக்கினேன். மன்னிக்கவேண்டும், அன்ரி.
நாயகியின் அப்பா: வங்கி முகாமையாளர்.
உயரம்: விதி 1.


பெப்ரவரி 12, வியாழன்

முடிந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம்.

பதினைந்தாம் அத்தியாயம் எழுதும்போது கை வரவில்லை. விதி 4. வங்கி முகாமையாளர் நெஞ்சைப் பிடிக்கிறார். "நீ எனக்குப் பிள்ளையே இல்லை, போ" என்கிறார். கதவு அடிபடுகிறது. இப்படியான பதின்மூன்று கதவுகளுக்குப் புறூவ் பார்த்திருக்கிறேன். இந்தக் கதவு மட்டும் எங்கள் வீட்டுக் கதவின் சத்தத்தோடு அடிபட்டது.

கடைசி அத்தியாயத்தில் குருநகர்க் கோயிலில் கலியாணம். பங்குனி உத்தர நாளில் வைத்தேன். நல்ல நாள். அம்மாவின் கலண்டரிலேயே பார்த்தேன்.


பெப்ரவரி 13, வெள்ளி

புறூவை அப்பாவிடம் நீட்டினேன்.

"புதுசோ?"

"ஓம் அப்பா. நாலாவது நிலா."

"இவவுக்கும் மீசையோ?"

"தெரியாது."

முதற் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பென்சில் எங்கே என்று கேட்டார். அவரது காதில்தான் இருந்தது.


பெப்ரவரி 14, சனி

காதலர் தினம். பட்டினத்தில் றோசாப்பூ விலைக்கு எல்லோரும் ஏசுகிறார்கள், வாங்குகிறார்கள்.

ஜெறோமுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: கொடுத்தாயிற்று.

"என்னத்தை?"

"நாவலை."

"சுகி, நீர் ஒரு விசரி."

"ஓம்."

அப்பா கண்ணாடிக் கடைக்கு நாலாவது தடவை. இந்தமுறை புறூவையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். காத்திருக்கும் நேரத்தில் பார்க்கலாமாம். இரண்டு மணிக்குத்தான் வந்தார். சோறு வேண்டாமாம், பசியில்லையாம்.

அம்மா: "கண்ணாடிக் கடையிலை சோறும் போடுறாங்களோ?"

அப்பா: "ம்."

கண்ணாடி இன்னும் வரவில்லை.


பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. விரதம். அம்மா கோயிலுக்கு வெள்ளனப் போய்விட்டா.

அப்பா சாய்மனைக் கதிரையில். நான் குசினிக்குள் நின்று பென்சிலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற நூல்களுக்கு அங்கங்கே ஒரு கீறல். இன்று நிறைய எழுதுகிறார். இரண்டு தடவை கூராக்கினார். ஒரு தடவை அடிமட்டம் எடுத்தார். நீண்ட கோடு ஒன்று. பிறகு இன்னொன்று. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

தேத்தண்ணி கொண்டுபோனேன். விரதம் என்று நினைவுபடுத்தினார். எனக்கும் விரதம்தான்.

"இந்த நாலாவது நிலா கலியாணம் கட்டினவவோ?"

"இல்லையெண்டு நினைக்கிறன்."

"ம்."

பெரியப்பாவும் முதலில் 'ம்' என்றுதான் தொடங்கியவர் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். மானிப்பாய் அக்கா.


பெப்ரவரி 16, திங்கள்

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதவேண்டும்.

காலை ஆறரை. மேசையில் புறூவ், மேலே பேப்பர் வெயிற். அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். நான் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னல் ஆசனம். திறந்தேன்.

பக்கம் 3. நாயகி கொக்குவில் ஸ்ரேசனடியிலிருந்து (சுன்னாகமாக மாற்ற மறந்த இடம்) குருநகருக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போகிறாள். அப்பா: "25 நிமிடம். எதிர்க்காற்றென்றால் 35."

சிரித்தேன். அளவையாளர் புத்தி.

பக்கம் 5. 'ஆறடி உயரமான டேவிட்'. ஆறடி வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில், சின்ன எழுத்தில்:

"5 அடி 4 அங்குலம். (கண் அளவு. அரை அங்குலம் முன்பின்.)"

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் தடவை விளங்கியது. பஸ் குலுங்கியதா நான் குலுங்கினேனா தெரியாது.

பக்கம் 11. சிவப்புப் படலை. "நீலம். போன வருடம் பூசியது."

பக்கம் 14. நாயகனின் பருத்த அம்மா. "மெல்லிய மனுசி. குரல் மட்டும் பெரிது."

பக்கம் 19. ஒரே தங்கச்சி. "இருவர். சின்னவர் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் உதவி தேவை."

பக்கம் 23. விருந்தாளிக்குக் கோப்பையில் தேத்தண்ணி. "கோப்பை இல்லை, தம்ளர். சீனி கூட."

பக்கம் 31 இல் வட்டமாகத் தேத்தண்ணிக் கறை. அதன் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த மீன் செதில் ஒன்று, நகமளவு. முட்டைகூட உள்ளே வராத வீட்டின் மேசையில் அது ஓர் இரவு கிடந்திருக்கிறது.

குடையும் கையுமாக ஓர் ஐயா. வீதி அகலிப்பு. சாப்பிடாமல் வந்த சனி. அகப்பாடல் ஆராய்ந்த மூளைக்கு இது விளங்க நாலு கிழமை எடுத்திருக்கிறது.

பிறகுதான் பதினைந்தாம் அத்தியாயம். பக்கம் 42. நெஞ்சுவலி, "நீ எனக்குப் பிள்ளையே இல்லை", கதவு. முழுப் பக்கமும் அடிமட்டம் வைத்து மூலைக்கு மூலை இரண்டு கோடு. காணிப் படத்தில் செல்லாத துண்டை வெட்டுவதுபோல். நடுவில்:

"பிழையான தகவல். இப்படி நடக்காது. நீக்கவும்."

கண் எரிந்தது. வெங்காயம் என்று எழுத நினைத்தேன். இன்று வெங்காயம் உரிக்கவில்லை.

இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது. பக்கத்து ஆசனத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா, "என்ன பிள்ளை, ஆராவது செத்துப்போச்சினமோ?" என்று கேட்டா. இல்லை அம்மா, ஒருவரும் சாகவில்லை என்றேன். இந்த வசனத்தை இவ்வளவு சந்தோசமாக இதற்கு முன் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். பாரம் இறங்கினால் நடை இப்படி இருக்குமென்று தெரியாது. ஒரு தடவை வழுக்கவும் பார்த்தேன். பிடிக்க ஒருவருமில்லை. நானே நின்றுகொண்டேன்.

மறந்துவிட்டேன். பக்கம் 47, பங்குனி உத்தரக் கலியாணம். அப்பா: "தவக்காலம். அவர்கள் கோயிலில் அப்போது கலியாணம் வைப்பதில்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிய மாற்றவும். (தகவல்: வீட்டுக்கார அம்மா.)" கீழே மாதங்களின் பட்டியல். மார்கழி வெட்டு, நமக்கு ஆகாது. ஆடி வெட்டு. புரட்டாதி வெட்டு. மாசியில் பாதியும் பங்குனியும் வெட்டு, அவர்களுக்கு ஆகாது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வெட்டு, அம்மா வரமாட்டா. மிச்சத்தில் வைகாசிக்கு ஒரு வட்டம்.

நாலு வருடம் ஒரு கத்தோலிக்கனோடு ஐஸ்கிரீம் குடித்தவளுக்குத் தவக்காலம் தெரியவில்லை. நாலு சனிக்கிழமை தேத்தண்ணி குடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது.


பெப்ரவரி 17, செவ்வாய்

அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்பவிலையிருந்து தெரியும், அப்பா?"

"பதினோராம் நம்பர் புத்தகம் பார்க்கேக்கை."

"அதிலை என்ன?"

"எழுதினவர் குருநகர் ஒழுங்கையைப் பற்றி ஏதோ பிழையா எழுதியிருந்தார். நீ நீல மையாலை திருத்தியிருந்தாய். பின்னேரம் நாலு மணிக்கு எந்தப் பக்கத்து மதிலிலை நிழல் விழும் எண்டு. அது ஒரு நாள் போட்டு வந்து எழுதுற தகவல் இல்லை."

காற்றடித்தார்.

"அப்பிடி நிழல் விழுற ஒழுங்கை அங்கை ஒண்டுதான். ஏழு வீடு. கம்பஸ் படிச்ச பெடியன் ஒருத்தன்."

"அவரை எங்கை பார்த்தனீங்கள்?"

"போன கிழமை பஸ்ஸாலை இறங்கேக்கை. அவர் என்னைக் காணேல்லை. தாய்க்கு ரண்டாம் கிழமையே விளங்கியிட்டுது. 'நீங்கள் சுகியின்ரை அப்பாவோ, மூக்கு அச்சு' எண்டா. பெடியனுக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் கேட்டனான். நீ சொல்லுறியோ எண்டு பார்த்தனான்."

"நான் பயந்து..."

"தெரியும். பெரியப்பாவின்ரை வீட்டைப் பார்த்து வளர்ந்தனி." பம்பைக் கழற்றினார். "எனக்கு விருப்பம் எண்டு சொல்லேல்லை, பிள்ளை. போய்ப் பார்த்தன். பிழை ஒண்டும் காணேல்லை. அவ்வளவுதான்."

அவ்வளவு போதும். பம்பை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பதினொரு மணிக்குப் புறோக்கர். அப்பா எழும்பி நின்று சொன்னார்:

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளைக்கு ஒரு இடம் பார்த்திருக்கு."

அம்மாவின் கையில் பலகாரத் தட்டு. "எங்கை?"

"குருநகர்."

"வேதக்காரரோ?"

"ஓம்."

"அவையள் வேறயல்லோ?"

"ஓம். வேறதான். நாலு சனி போய்ப் பார்த்தனான்."

அம்மா தட்டை மேசையில் வைத்தா. புறோக்கர் ஒரு வடையை எடுத்து, எடுத்ததற்காகவே சாப்பிட்டார்.

"நாலு சனியோ?" என்றா அம்மா. "கண்ணாடிக் கடையெண்டு சொல்லிப்போட்டு!"

அதற்குப் பிறகு அவ அப்பாவோடு கதைக்கவில்லை. சமயத்துக்காக அல்ல, கண்ணாடிக்காக. என்னோடும் இல்லை, ஆனால் எனக்குச் சோறு போட்டா. அப்பா தானே போட்டுச் சாப்பிட்டார்.

ஜெறோமுக்குச் சொன்னேன். நடந்ததை முழுக்கக் கேட்டான். பிறகு: "அப்ப வீதி அகலிக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்பாடா."

எதற்கு அந்த 'அப்பாடா' என்று கேட்கவில்லை.


பெப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். ஜெறோமின் நெற்றியில் சாம்பல், படம் அனுப்பியிருக்கிறான். அம்மாவின் நெற்றியில் வழமைபோல் திருநீறு. படத்தை அவ பார்க்கக்கூடிய இடத்தில் தொலைபேசியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தொலைபேசி நேராக வைக்கப்பட்டிருந்தது. நான் சரிவாகத்தான் வைத்தேன்.

அச்சகத்தில் ரவி அண்ணை புறூவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை இது? ஐஞ்சடி நாலோ? கட்டை நாயகனை ஆர் வாங்குவினம்?"

"உண்மையான அளவு அண்ணை."

"உண்மையை ஆர் கேட்டது? அதோட நெஞ்சுவலியையும் காணேல்லை. தகப்பன் சும்மா ஓம் எண்டால் அது கதையோ?"

திரும்பவும் 'ஆறடி' என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போனார்.

அம்மா மத்தியானம் முதல் தடவையாக அப்பாவோடு கதைத்ததாக அப்பா சொன்னார். கேட்டது ஒரே கேள்வி: "எத்தினை பொருத்தம்?" அப்பாவின் பதில்: "உயரம் ஒண்டுதான் பொருந்தேல்லை."


பெப்ரவரி 19, வியாழன்

பனி குறைவு. தோடம்பழம் வாங்கவேண்டும், சீனி இரண்டு கிலோ, புதுத் தம்ளர் ஆறு. ஞாயிறு ஜெறோம் வீட்டார் ஐந்து பேரும் வருகிறார்கள்.

கடைசிப் புறூவை அப்பாவிடம் காட்டினேன். ரவி அண்ணையின் சிவப்பு 'ஆறடி'யை வெட்டினார். '5 அடி 4' இன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார், வெட்டியது அப்படியே செல்லும் என்ற அச்சகக் குறி. ஓரத்தில்: "இருக்கட்டும்." கையெழுத்தும் போட்டார். இதுவரை எந்த நாவலுக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

அம்மா குசினிக்குள்ளிருந்து, யாருக்கென்று இல்லாமல்:

"தவக்காலம் எண்டால் மீன் சாப்பிடலாமாமே, இறைச்சிதான் கூடாதாம். என்ன விரதமோ." சட்டி வைக்கும் சத்தம். "இஞ்சை வந்தா கத்தரிக்காய்தான், சொல்லிப்போடு."

"ஓம் அம்மா."

"எடி, பிள்ளை."

"என்னம்மா?"

"ஞாயிறு அந்தப் பெடியன் வரேக்கை நீ குதி உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு நிக்காதை."

என்னிடம் அப்படி ஒரு செருப்பே இல்லை. சொல்லவில்லை. சரி அம்மா என்றேன்.